பையில் போடாத பெயர்

"ஒரே ஒரு வருஷம்தான்" என்று சொல்லித்தான் என் வீட்டுக்காரர் எங்கள் கல்லூரி ஆசிரியர் சங்கத்துக்குத் தலைவரானார். அந்த ஒரு வருஷம் ஒன்பது வருஷமாக நடந்துகொண்டிருக்கிறது. எதிர்த்து நிற்க ஆளில்லை, எழுந்து வர அவருக்கும் மனமில்லை.

அவர் வேதியியல் நடத்துகிறவர், நான் அரசியல். முன்பெல்லாம் சாயங்காலமானால் பால்கனியில் இரண்டு நாற்காலி, இரண்டு டீ. நான் விடைத்தாள் திருத்துவேன். அவர் அதைப் பிடுங்கி உரக்க வாசிப்பார். மறுமலர்ச்சிக் கால இத்தாலிய அரசியலைப் பற்றி ஒரு புண்ணியவான், "மன்னன் அன்பாக இருக்க வேண்டும், முடியாவிட்டால் அடியாள் வைத்துக்கொள்ள வேண்டும்" என்று எழுதியிருந்தான். அன்று இவர் சிரித்த சிரிப்பில் டீ மூக்கிலேறிவிட்டது. இப்போது அவர் நாற்காலியில் சங்கத்து நோட்டீஸ் கட்டுகள் உட்கார்ந்திருக்கின்றன. டம்ளரைக் கையில் எடுக்கும்போதே போன் வரும், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். நான் டம்ளரின் மேல் ஒரு தட்டைப் போட்டு மூடிவைப்பேன். எனக்கு அவர் வேண்டும், அவ்வளவுதான். தலைவர் வேண்டாம். டீ மூக்கிலேறிய அந்த மனுஷன் வேண்டும்.

வருஷா வருஷம் வகுப்பில் ஒன்று சொல்வேன். ஐந்நூறு, அறுநூறு ஆண்டுகளுக்கு முன் இத்தாலியில் ஒரு நகரத்தில், தகுதியுள்ளவர்களின் பெயர்களைப் பையில் போட்டுக் குலுக்கி ஆட்சிக்கு ஆள் எடுத்தார்கள். இரண்டே மாதம். பிறகு வீட்டுக்குப் போய்விட வேண்டும். நாற்காலி சூடேறிவிட்டால் மனுஷன் எழுந்திருக்க மாட்டான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 'வீட்டுக்குப் போய்விட வேண்டும்' என்கிற இடத்தில் என் குரல் கம்மும். பிள்ளைகள் ஜலதோஷம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இந்த வருஷப் பொதுக்குழுவில் நானே எழுந்தேன். இனித் தலைவர் பதவிக்குக் குலுக்கல், ஒரு வருஷம்தான், எல்லா உறுப்பினர் பெயரும் பையில் என்றேன். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. இவரும் மேடையிலிருந்து சிரித்தபடி நல்ல யோசனை என்றார். வேறென்ன சொல்ல முடியும், ஜனநாயகவாதி ஆயிற்றே. பெயர்களை எழுதிப் போடும் வேலை யோசனை சொன்னவள் தலையிலேயே விழுந்தது.

அந்த நகரத்துக் கதைக்கு இன்னொரு பாதி உண்டு. பணக்காரக் குடும்பம் ஒன்று குலுக்கலை ஒழிக்கவில்லை. பைக்குள் யார் பெயர் போக வேண்டும் என்பதை மட்டும் தன் ஆட்களை வைத்துப் பார்த்துக்கொண்டது. ஊரே அதன் கைக்குள் வந்துவிட்டது. அதை அயோக்கியத்தனம் என்றுதான் பாடம் நடத்துவேன். ஊருக்குத்தான் உபதேசம். எல்லார் பெயரையும் எழுதிப் போட்டேன், ஒரே ஒரு பெயரைத் தவிர.

நூலகர் அம்மா பைக்குள் கையை விட்டு ஒரு சீட்டை எடுத்துப் பிரித்தார். என் பெயர்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாயிற்று. மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். மறுபடி குலுக்குவோம் என்பார்கள், இந்தத் தடவை பையைக் கொட்டியும் பார்ப்பார்கள். பேசாமல் மேடையேறினேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் நோட்டீஸ் கட்டுகள் தரையில் கிடந்தன. பால்கனியில் இரண்டு நாற்காலி, இரண்டு டீ.

"எம் பேர நீ போடல, இல்ல?" என்றார்.

"போடல."

"சீட்டு மடிக்கும்போதே உன் மூஞ்சியில தெரிஞ்சுது. பரீட்சைல காப்பியடிக்கிற மூஞ்சி எத்தன பாத்திருக்கேன்." கோபமே இல்லை, அதே பழைய சிரிப்பு. "எங்கிட்டக் கேட்டிருந்தா நானே விட்டுட்டு வந்திருப்பேனே."

"கேக்காமயா இருந்தேன்?"

அவர் சிரிப்பு நின்றது. டம்ளரை என் பக்கம் மெல்ல நகர்த்தினார். ஒன்பது வருஷமாக நான் ஏங்கிய சாயங்காலம் இதுதான். உட்காரப் போனேன்.

போன் அடித்தது, என்னுடையது. விடுதிப் பொறுப்பாசிரியரைத் திடீரென்று வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்களாம். எல்லாரும் கல்லூரி வாசலில் கூடிவிட்டார்களாம், தலைவர் உடனே வர வேண்டுமாம்.

செருப்பை மாட்டிக்கொண்டே, "ஒரே ஒரு வருஷம்தாங்க" என்றேன்.

அவர் உள்ளே போய் ஒரு தட்டை எடுத்து வந்து என் டம்ளரை மூடிவைத்தார்.