அலமாரிக்குப் பின்னால் ஈரம்

இங்கிலாந்தில் இரண்டாம் உலகப் போர் முடிந்த வருஷம் லாரியில் துண்டுதுண்டாக வந்து இறங்கிய வீடு அது. பத்து வருஷம் தாங்கும் என்றார்கள். அந்தக் கெடு போன வருஷமே முடிந்துவிட்டது. தொழிற்சாலைக்குப் பின்னால் நகரசபை செங்கல் வீடுகள் கட்டிக்கொண்டிருந்தது. யார் வீடு மோசமோ அவர்களுக்குத்தான் முதலில். பார்த்து முடிவு செய்ய இன்று காலை நகரசபை அதிகாரி ஹார்கிரீவ்ஸ் வந்தார்.

எட்னா விடியும் முன்பே எழுந்து வாசற்படியைத் தேய்த்திருந்தாள். மகள் வாலரியின் அறையில் பூசணம் பிடித்த சுவரில் புதுக் காகிதம் ஒட்டி, அதன் முன்னால் அலமாரியையும் நகர்த்தியிருந்தாள். வருகிற மனிதர் கண்ணில் அழுக்குப் படலாமா? அவள் வளர்ந்த விதம் அப்படி.

ஹார்கிரீவ்ஸ் தேநீர் குடித்தார், பாராட்டினார், போனார்.

சற்று நேரத்தில் இரவு ஷிஃப்ட் முடிந்து கணவன் சிரில் எண்ணெய் நாற்றத்தோடு வந்தான்.

"என்ன சொன்னாரு?"

"இந்தத் தெருவுலயே சுத்தமான வீடு இதுதானாம்."

"அப்புறம்?"

"இன்னும் அஞ்சு வருஷம் தாராளமா இருக்கலாமாம்."

தொப்பியைக் கழற்றாமலே அவன் உட்கார்ந்தான். "அந்தச் சுவரைப் பாக்கலயா?"

"அலமாரி இருந்துச்சே."

"அது எப்ப அங்க போச்சு?" அவள் ஏப்ரனில் கையைத் துடைத்தாள். "நல்ல ஆளும்மா நீ. ராணியே வர்றாங்கன்னு நெனச்சியா?"

குரலில் கோபமில்லை, அசதிதான். உள்ளே வாலரி விடாமல் இருமினாள்.

"நான் போய்ச் சொல்றேன்" என்று மேஜையைப் பிடித்து எழுந்தான்.

"உக்காருங்க. மறைச்சது நான்."

அவள் வெளியே ஓடியபோது ஹார்கிரீவ்ஸ் பக்கத்து வீட்டு மாவிஸின் வாசலில் நின்றிருந்தார். "எங்க வீட்டுல தவளை ஒண்ணுதான் இல்ல சார்" என்று சொல்லிக்கொண்டிருந்த மாவிஸ் திரும்பினாள். "என்ன எட்னா, ஏப்ரனோட தெருவுக்கே வந்துட்ட?"

தன் வீட்டில் ஈரமே கிடையாது என்று மாவிஸிடம் எட்னா எத்தனை தடவை பெருமையடித்திருக்கிறாள்.

"சார், எங்க சுவர் நனைஞ்சு கிடக்கு. குழந்தைக்கு நெஞ்சு முழுக்க சளி. அலமாரிய வச்சு மறைச்சிட்டேன்."

"அடிப்பாவி" என்றாள் மாவிஸ், மெதுவாக. "எங்கிட்டகூடச் சொல்லலியே."

ஹார்கிரீவ்ஸ் பெருமூச்சு விட்டு எட்னாவின் வீட்டுக்கே திரும்பி நடந்தார்.

அதற்குள் அலமாரியை நகர்த்திவிட்டு, அதன் மேலேயே சாய்ந்து கண்ணை மூடியிருந்தான் சிரில். ஹார்கிரீவ்ஸ் சுவரில் கட்டைவிரலை அழுத்தினார். புதுக் காகிதம் ஈரத்தோடு கையில் வந்தது.

"வசந்தத்துக்குள்ள வீடு கிடைக்கும்னு சொல்ல முடியாதும்மா. ஆனா பட்டியல்ல உங்க பேரை முன்னாடி போடுறேன்."

எட்னா தலையசைத்தாள். விரிப்பு கசங்குமே என்று பார்க்காமல் வாலரியின் கட்டிலில் உட்கார்ந்தாள்.