மூட்டத்தில் எழுதிய பூஜ்யம்

பிளவுப்பாறை முகட்டிலிருந்து எதிர்க் குன்றுக்கு இரும்புக் கம்பி கட்டப்போகிறார்கள் என்ற செய்தி வாழவந்தி நாடு என்ற மலையூருக்கு வந்தபோது, யமுனா அந்த முகட்டில் கழுகுகளை எண்ணத் தொடங்கி நான்காவது வருடம் நடந்துகொண்டிருந்தது.

கம்பியில் தொங்கியபடி ஆட்கள் பள்ளத்தாக்கைக் கடப்பார்களாம். வாசலூர்பட்டி ஏரிக்குப் படகு சவாரிக்கு வருகிற கூட்டமெல்லாம் இங்கேயும் வரும் என்றார் கம்பெனிக்காரர் அர்த்தனாரி. ஊர் ஆட்களுக்கு வேலை உண்டு. யமுனாவின் கணவன் காளியண்ணனுக்கு ஜீப் ஓட்டும் வேலை என்று பேசி முடித்தாயிற்று. முகடு புறம்போக்கு நிலம் என்பதால் கிராம சபையில் தீர்மானம் போட வேண்டும். அது ஒன்றுதான் பாக்கி.

யமுனா ராசிபுரத்தில் விலங்கியல் படித்தவள். மிளகுத் தோட்டத்து வேலைக்கு நடுவே, புரட்டாசிக் கடைசியிலிருந்து கார்த்திகை வரை காலையில் முகட்டுக்கு ஏறிவிடுவாள். வடக்கே குளிர் தொடங்கியதும் பருந்தும் கழுகும் வல்லூறும் தெற்கே போகும். பள்ளத்தாக்கிலிருந்து சூடான காற்று மேலெழும் இடம் அந்தப் பிளவு. பறவைகள் இறக்கையை அடிக்காமல் அங்கே வட்டமடித்து உயர்ந்து, ஒன்றன்பின் ஒன்றாக முகட்டைத் தாண்டும். பைனாகுலரில் பார்த்து, எது எத்தனை என்று எழுதி, சேலத்தில் பறவை பார்க்கும் குழு நடத்தும் பிரேமுக்கு ஃபோனில் அனுப்புவாள். யாரும் அவளிடம் இதைச் செய்யச் சொல்லவில்லை. முதல் வருடம் ஒரு காலையில் வானம் முழுக்க வல்லூறுகள் போவதைப் பார்த்தாள். மறுநாளும் போய் நிற்காமல் இருக்க முடியவில்லை.

இந்த ஐப்பசியில் மூட்டம் இறங்கியது. கையை நீட்டினால் விரல் தெரியாது. குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, பூஜ்யம் என்று எழுதிவிட்டு இறங்கினாள். மறுநாளும் அப்படித்தான். ஒரு வாரம் போய்விட்டது.

பிரேம் ஃபோனில் கூப்பிட்டான். "அக்கா, கம்பிக்கு எதிரா கிராம சபையில காட்டறதுக்கு நம்ம கையில இருக்கறது உங்க கணக்கு மட்டுந்தான். நடுவுல இத்தனை பூஜ்யம் இருந்தா எடுபடாது. போன வருசத்துச் சராசரியப் போட்டு நிரப்பிரலாங்களா?"

"பாக்காததப் பாத்தேன்னு எழுதச் சொல்றீங்களா?"

"மூட்டத்துக்குப் பின்னாடி போயிருக்கும்ல அக்கா."

"போயிருக்கும். நான் பாக்கலையே. பூஜ்யம்னே இருக்கட்டும் பிரேம்."

"அந்த முகடே போயிரும்க்கா."

"போனாப் போகட்டும். பொய் சொல்லி அதக் காப்பாத்த வேண்டாம்," என்று வைத்துவிட்டாள். பிரேம் சொன்னதில் தவறில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது காளியண்ணன் தட்டைப் பார்த்தபடியே சொன்னான். "நாளைக்குச் சபைக்கு வராத யமுனா. ஊடு நல்லா இருக்கோணும்னுதான் நானும் பாக்கறேன்."

"தெரியுங்க. ஆனா நான் வாரேன்."

அவன் கை கழுவ எழுந்தான்.

நவம்பர் ஒன்றாம் தேதி, பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் சாமியானா போட்டிருந்தார்கள். அர்த்தனாரி வெள்ளைச் சட்டையில், கையில் தாளோடு எழுந்தார். பிரேமின் குழு ஏற்கெனவே பஞ்சாயத்தில் மனுவோடு கொடுத்திருந்த யமுனாவின் கணக்கு அது.

"இந்த அம்மணி எழுதினதத்தான் படிக்கறேன்," என்றார். "இருபத்தி மூணாந்தேதி, பூஜ்யம். இருபத்தி நாலு, பூஜ்யம். இருபத்தஞ்சு, பூஜ்யம். இதுக்காகவா நம்ம பசங்க வேலையில்லாம இருக்கோணும்?"

கூட்டம் சிரித்தது. பின்வரிசையில் பிரேம் தலையைக் குனிந்துகொண்டான். காளியண்ணன் சிரிக்கவில்லை, யமுனாவைப் பார்க்கவும் இல்லை.

யமுனா எழுந்தாள்.

"ஆமாங்க, நான் எழுதினதுதான். அன்னிக்கெல்லாம் மூட்டம். ஒண்ணையும் பாக்கல, அதனால பூஜ்யம். பொய் எழுதறவளா இருந்தா அங்க நூறுன்னு எழுதியிருப்பேன். எழுதலைன்னு நீங்களே மைக்குல படிச்சுட்டீங்க. இப்ப அதுக்கு முன்னாடி பக்கத்தையும் படிங்க."

"அதெல்லாம் எதுக்கு அம்மணி?"

"படிங்க. நான் உக்கார மாட்டேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. முன்வரிசையில் இருந்த மரவள்ளி பயிரிடும் பெருமாயி, "படிங்க சாமி, கேப்போம்," என்றாள். தலைவரும் தலையசைத்தார். அர்த்தனாரி பக்கத்தைத் திருப்பினார். பதினெட்டாந்தேதி, தேன்பருந்து நாற்பத்தொன்று. பத்தொன்பது, வல்லூறு நூற்று அறுபது. இருபதாந்தேதிக்கு வந்தபோது அவர் குரல் தாழ்ந்துவிட்டது. கூட்டத்தில் யாரோ, "சத்தமா," என்றார்கள்.

படித்து முடித்ததும் பெருமாயி கேட்டாள்: "கம்பி கட்டினா அதுக அடிபடுமா கண்ணு?"

"அடிபடுமான்னு எனக்குத் தெரியாதுங்க அம்மாயி. அந்தப் பிளவு வழியாத்தான் போகுதுன்னு தெரியும். அதே பிளவுலதான் கம்பி கட்டறாங்கன்னும் தெரியும். வேலை வேண்டாம்னு நான் சொல்லல. கம்பிய வேற பக்கம் கட்டட்டும்."

"வேற பக்கம் சரிவு போதாது," என்றார் அர்த்தனாரி.

"அப்ப அது உங்க கஷ்டங்க. அதுகளோட கஷ்டமாக்காதீங்க."

தீர்மானத்தை ஆதரிப்பவர்கள், எதிர்ப்பவர்கள் என்று தனித்தனியாகக் கை தூக்கச் சொன்னார்கள். ஆதரித்துப் பாதிக்கும் குறைவான கைகளே எழுந்தன. காளியண்ணன் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எந்தப் பக்கமும் தூக்கவில்லை. தீர்மானம் தோற்றது. அடுத்த சபையில் மறுபடி கொண்டுவருவேன் என்று சொல்லிவிட்டு அர்த்தனாரி காரில் ஏறினார். போகிற போக்கில் காளியண்ணனிடம், "ஜீப்புக்கு வேற ஆள் பாத்துக்கறேன்," என்றார்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய பிறகு காளியண்ணன், "சபையில பேசறதுக்கு முந்தி ஒரு வார்த்த எங்கிட்டக் கேட்டிருக்கலாம் நீ," என்றான்.

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க. அப்பவும் பேசியிருப்பேன்."

அவன் வண்டியை ஓரமாகத் தள்ளி நிறுத்திவிட்டு உள்ளே போனான்.

மறுநாள் காலை முகட்டுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் முள்வேலி போட்டிருந்தது. அர்த்தனாரியின் ஆள் ஒருவன் கல்மேல் உட்கார்ந்திருந்தான். "அனுமதி இல்லீங்க," என்றான்.

"யாரோட அனுமதி? இது ஊர் நிலம்."

"எனக்குத் தெரியாதுங்க. விடாதன்னு சொல்லியிருக்காங்க."

யமுனா அவனோடு வாதாடவில்லை. இடுப்பில் செருகியிருந்த தோட்டத்து அரிவாளை எடுத்து முள்ளை ஒவ்வொரு கட்டாக வெட்டி ஓரத்தில் போட்டாள். கையில் கீறி ரத்தம் வந்தது. அவன் எழுந்து நின்றான். ஆனால் கிட்டே வரவில்லை. ஃபோனை எடுத்து யாரையோ கூப்பிட்டான்.

"சொல்லுங்க," என்றாள் அவள். "என் பேரு யமுனா. நாளைக்கும் வருவேன்னு சேத்துச் சொல்லுங்க."

முகட்டில் மூட்டம் கலைந்து, காற்று கிழக்கிலிருந்து சுத்தமாக வீசியது. பள்ளத்தாக்கின் மேல் முதல் பருந்து வட்டமடித்து எழுந்தது. அதற்குக் கீழே இன்னொன்று, அதற்கும் கீழே ஒரு கூட்டம். யமுனா கையிலிருந்த ரத்தத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு, பைனாகுலரைக் கண்ணில் வைத்து, வாய்விட்டே எண்ணத் தொடங்கினாள்.