வலிக்காத சிவப்பு

மலேசியாவில், கிள்ளானில் லோகேஸ்வரியின் வீட்டுக்குள் டிராகன் பழம் நுழையக்கூடாது என்று ஆகிவிட்டது. உள்ளே ரத்தச் சிவப்பாக இருக்குமே, கண்ணுகளா, அந்தப் பழம்தான். நிறையத் தின்றால் மறுநாள் சிறுநீரும் சிவந்து போகும்.

அவள் கணவர் ரெங்கசாமி, தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு பெயிண்ட் தொழிற்சாலையில் உழைத்து ஓய்ந்தவர். முதல் தடவை சிவப்பாகப் போனபோது பழத்தைத் திட்டி நிறுத்தினார். சிவப்பும் நின்றது.

“பாத்தியா? பழம்தான் லா,” என்று ஜெயித்தவர்போல் சிரித்தார். வலி இல்லை, எரிச்சல் இல்லை. யார்தான் கவலைப்படுவார்கள்?

தைப்பூசம் முடிந்த வாரம், ஒரு காலையில் குளியலறைக்குள்ளிருந்து கத்தினார்.

“லோகு! ஜூஸ்ல அந்தப் பழத்தைக் கலந்தியா?”

“பழமே வாங்கலியே!”

“அப்ப எப்படி மறுபடியும் சிவப்பா வருது?”

லோகேஸ்வரி கதவருகே வந்தாள். “இது எத்தனையாவது தடவை? மறைக்காம சொல்லுங்க.”

உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. நடுவில் ஒருமுறை வந்ததை அவர் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. கடையில் குடித்த சிவப்பு ரோஸ் சிராப் பானத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கிறார்.

அன்றைக்கே கிளினிக், அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரி. சிறுநீர் வரும் வழியாக மூத்திரப்பைக்குள் கேமரா விட்டுப் பார்க்க வந்தவர் டாக்டர் வாணி.

“பொம்பள டாக்டரா?” ரெங்கசாமி போர்வையை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

“எனக்கு இதுதான் அங்கிள் தினசரி வேலை. வெக்கப்படாதீங்க.”

திரையில், பையின் உட்சுவரில், காலிபிளவர் துண்டு போல ஒன்று ஒட்டிக்கொண்டு ஆடியது.

“மூத்திரப்பையோட உள்தோல்ல முளைச்ச கட்டி. புற்றுநோய் மாதிரிதான் தெரியுது. இந்தப் பையில வர்றதுல பெரும்பாலும் இந்த வகைதான்.”

“வலிக்கவே இல்லியே டாக்டர்!”

“அதுதான் இதோட குணம். ரத்தம் வரும், தானா நிக்கும். நாமளும் சரியாயிடுச்சுன்னு இருந்துடுவோம். சிகரெட் உண்டா?”

அவர் கூரையைப் பார்த்தார்.

“உண்டு,” என்றாள் லோகேஸ்வரி. “பத்தாததுக்கு பெயிண்ட் கெமிக்கல் வேற.”

“ரெண்டுமே காரணமா இருக்கலாம், ஆன்டி.”

கட்டியைச் சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். உள்தோலோடு நின்றிருந்தால் பை தப்பும். அதற்குப் பின்னாலுள்ள தசைக்குள் இறங்கியிருந்தால் பையையே எடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதன்பிறகு அந்த வீட்டில் யாரும் ஓர் இடத்தில் உட்காரவில்லை. அவர் கேட்டைத் திறப்பார், தெருவைப் பார்ப்பார், மூடுவார், மறுபடி திறப்பார். அவள் கோயிலுக்குக் கிளம்பிப் பாதி வழியில் திரும்பிவிடுவாள். போன் அடித்தால் இருவரும் ஓடுவார்கள். யாரோ இன்ஷூரன்ஸ் விற்கக் கூப்பிட்டிருப்பான். “நடக்காதீங்க, தலை சுத்துது!” என்பாள் அவள், தானும் நடந்துகொண்டே.

முடிவு சொன்ன அன்று டாக்டர் வாணி முதலிலேயே கையை உயர்த்தினார். “புற்றுநோய்தான், ஆனா தசைக்குள்ள போகல.”

லோகேஸ்வரிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ரெங்கசாமி எழுந்தேவிட்டார். “அப்ப முடிஞ்சுது. வா, போலாம் லா.”

“முடியல அங்கிள். இது திரும்பத் திரும்ப முளைக்கிற ஜாதி. மூணு மாசத்துல மறுபடி கேமரா. அப்புறமும் விட்டு விட்டுப் பார்த்துக்கிட்டே இருக்கணும். சிகரெட்டை இன்னிக்கே விடணும்.”

“சிவப்பா வந்தா உடனே ஓடி வரேன் டாக்டர்.”

“சிவப்பு வர்றதுக்கு முன்னாடியே நீங்க வரணும்.”

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தேதி கொடுக்கும் கவுண்டரை நோக்கி நடந்தாள்.

“நல்லா இருக்கற ஆளை எதுக்குடி இழுத்துக்கிட்டு வரணும்?” முணுமுணுத்தபடி பின்னாலேயே போனார். “மனுஷன் நிம்மதியா இருக்க வேணாமா?”

அவள் திரும்பிப் பார்த்தாள். “நிம்மதியா இருந்துதானே இவ்வளவு நாள் விட்டீங்க?”

கவுண்டரில் நர்ஸ் நிமிர்ந்ததும், அவர் லோகேஸ்வரியை ஒதுக்கிவிட்டுத் தானே முன்னால் குனிந்தார்.

“காலையில முதல் ஆளா போடுங்க மிஸ்ஸி. காத்துக்கிட்டு இருக்க என்னால ஆகாது.”