ஒரே அமுக்கில் நிற்கும் பெட்டி

வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் தினமும் அப்பாவை எட்டிப் பார்ப்பேன். அப்போதுதான் அவருடைய தொடர் ஓடிக்கொண்டிருக்கும். "வா" என்பார், கண் மட்டும் திரையை விட்டு அசையாது. நான் எதைச் சொன்னாலும் "ம்" கொட்டுவார். தோளில் மாட்டிய பையோடு நாற்காலி நுனியில் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்புவேன். பெற்ற பெண்ணைவிட அந்தப் பெட்டிக்குள் அழுகிறவள் உசத்தியா என்று வயிறு எரியும்.

அப்படிப்பட்டவர், நிகழ்ச்சியைப் பதிவு செய்கிற கருவி ஒன்று வேண்டும் என்றார். பார்ப்பது போதாதென்று சேர்த்து வேறு வைக்கப் போகிறாரா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்.

"ஒரே அமுக்குல நிக்கணும். திரும்ப அமுக்கினா விட்ட எடத்துலேர்ந்து ஓடணும்."

அடிக்கடி பாத்ரூமுக்கு எழுந்து போகிற வயது. அதற்காகத்தான் என்று எண்ணிக்கொண்டேன். காரணம் கேட்டு மனிதரைக் கூச்சப்படுத்துவானேன்.

கடையில் விற்பனையாளர் அடுக்கிக்கொண்டே போனார். நாலு சேனலை ஒரே நேரத்தில் பதியுமாம், செல்போனிலிருந்தே இயக்கலாமாம். ரிமோட்டைக் காட்டச் சொன்னேன். எறும்பு ஊர்வது மாதிரி பொத்தான்கள். நான் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். அந்த எழுத்தைப் படிக்க எனக்கே லென்ஸ் தேவைப்பட்டது. இன்னொன்றில் நிறுத்துவதற்கே மெனுவுக்குள் போக வேண்டும். அப்பாவின் விரல் நடுங்கும், ஒன்றை அமுக்கப் போனால் மூன்று அமுங்கும். ஒவ்வொரு ரிமோட்டாகக் கண்ணை மூடித் தடவிப் பார்த்தேன். கடைசியில் மூலையில் தூசி படிந்து கிடந்த ஒன்று அகப்பட்டது. நடுவில் கட்டைவிரல் அகலத்துக்கு, மேடாக, ஒரு மஞ்சள் பொத்தான். விற்பனையாளரின் முகம் சுருங்கிவிட்டது.

"மேடம், இது ரொம்ப சாதா. நிறுத்தி வெச்சா ஒரு மணி நேரந்தான் தாங்கும். அப்புறம் அதுவா ஓட ஆரம்பிச்சிடும்."

பாத்ரூமுக்கு ஒரு மணி நேரம் தாராளம் என்று வாங்கிவிட்டேன்.

விடுமுறையன்று மாட்டிக் கொடுத்தேன். மறுநாள் மாலை வழக்கம்போல் நாற்காலி நுனியில் போய் உட்கார்ந்தேன். அப்பா ரிமோட்டைத் தடவி மஞ்சள் பொத்தானை அமுக்கினார். திரையில் கதாநாயகி திறந்த வாயோடு நின்றாள். எழுந்திருக்கப் போகிறார் என்று கை நீட்டினேன். அவர் எழவில்லை. நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"நீ வர்ற நேரம் பாத்துத்தான் இதுவும் வருது. விட்டா கத புரியறதில்ல, பாத்தா உன்கிட்ட பேச முடியறதில்ல. இப்ப சொல்லு."

பையை இறக்கித் தரையில் வைத்தேன். எங்கள் கண்ணாடிக் கடைக்குப் புதிதாக வந்திருக்கும் மேலாளரைப் பற்றி ஆரம்பித்தேன், பேச்சு எங்கெங்கோ போயிற்று. அப்பா குறுக்குக் கேள்வி கேட்டார், சிரித்தார், அந்த மேலாளரை என்னைவிட அதிகமாகத் திட்டினார்.

திடீரென்று அறையில் அழுகைச் சத்தம். கதாநாயகி விட்ட இடத்திலிருந்து தானாகவே தொடங்கியிருந்தாள். நான் ரிமோட்டை எடுத்து அப்பாவிடம் நீட்டினேன். அவர் திரையின் பக்கம் திரும்பவே இல்லை.

"அவ பாட்டுக்கு அழுவட்டும். நீ மேல சொல்லு."