நாற்பது மெத்தையும் ஒரு மாவுக்கட்டும்

மனித குலத்துக்கு வக்கீல்களே தேவையில்லை. பேசத் தெரிந்தால் போதும். என் அக்கா வீட்டுக்காரர், அதாவது மாமா, தன் மெத்தைக் கடையில் உட்கார்ந்து உலகுக்கு அறிவித்த தீர்மானம் இது. தூக்கமே வராதவனுக்கும் மெத்தை விற்ற வாய். உலகம் மறுத்துப் பேசவில்லை.

அந்த வாய்க்கு இப்போது வீட்டிலேயே வேலை வந்துவிட்டது. அவர் மகள் குட்டி ஊஞ்சலிலிருந்து விழுந்தாள். இரண்டு கையும் வீங்கியிருந்தன. உடைந்தது இடது கை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயைத் திருப்பிப் பிடித்துப் பார்த்து, வலது கைக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள்.

"இந்தக் கை இல்ல, அந்தக் கை!" என்று குட்டி கத்தினாள்.

"குழந்தைங்க அப்படித்தான் சொல்லும்" என்றார் டாக்டர்.

"படிச்சவர் சொல்றார்ல, சும்மா இரு" என்றார் மாமா.

வலது கை நன்றாக ஓய்வெடுத்தது. இடது கை கோணலாகக் கூடிவிட்டது. கட்டை வெட்டிக் கழற்றிய வேறொரு டாக்டர், மறுபடி உடைத்துத்தான் நேராக்க முடியும் என்றார்.

அக்கா நேராக ஒரு வக்கீலம்மாவைப் பார்த்துவிட்டு வந்தாள். "மருத்துவக் கவுன்சில்ல புகார் கொடுக்கலாமாம். கோர்ட்ல நஷ்டஈடும் கேக்கலாமாம், ஆபரேஷன் செலவையும் சேர்த்து. ஆஸ்பத்திரி நீட்டுற எதுலயும் கையெழுத்துப் போடக் கூடாது. கழட்டின மாவுக்கட்டப் பத்திரமா வைக்கணும்னாங்க."

"மாவுக்கட்டையா? கண்ணாடிப் பெட்டி செஞ்சு லைட்டு போடட்டுமா?" என்றார் மாமா. "வக்கீல் ஆபீஸ் பெஞ்சுல டோக்கனோட கொட்டாவி விடுறவன் எல்லாம் வாயில்லாதவன்டி. நான் போய் ரெண்டு வார்த்தை பேசுறேன், பாரு."

துணைக்கு நானும் போனேன். ஆஸ்பத்திரி மேனேஜர் ஏசி அறையில் உட்கார வைத்து, குளிர்பானம் கொடுத்து, வார்த்தைக்கு வார்த்தை 'சார்' போட்டார். மாமா கோபமாகத்தான் ஆரம்பித்தார். பேச்சு எந்த இடத்தில் வார்டு கட்டில்களின் அவல நிலைக்குத் திரும்பியது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. நியாயம் கேட்கப் போனவர், நாற்பது மெத்தைக்கு ஆர்டரோடு வெளியே வந்தார். 'எங்களுக்கு எந்தப் புகாரும் இல்லை' என்ற தாளில் மறுநாள் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டில் செய்தியை அறிவித்தார். அக்கா தட்டை வைத்த சத்தமே போதுமானதாக இருந்தது.

குட்டி கோணல் கையைத் தூக்கிக் காட்டினாள். "அப்பா, மெத்தை குடுத்துட்டா இந்தக் கைய உடைக்க மாட்டாங்களா?"

மாமாவுக்குப் பதில் வரவில்லை. என் நினைவு தெரிந்து அது முதல் தடவை.

காலையில் ஆளைக் காணோம். "போச்சு, கையெழுத்துப் போடக் கிளம்பிட்டாரு! ஓடுடா, வக்கீலம்மாகிட்ட சொல்லு!" என்று அக்கா என்னை விரட்டினாள்.

வக்கீல் ஆபீஸ் வராந்தாவில் நீள பெஞ்சு. அதன் ஓரத்தில், டோக்கனைப் பிடித்தபடி, மாமா கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். மடியில் புத்தம்புதுத் தலையணை உறை. உள்ளே குட்டியின் மாவுக்கட்டு. என்னைப் பார்த்ததும் அதை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு, நகர்ந்து இடம் விட்டார்.