ஊருக்கென்று ஒரு பெட்டி

படகுக்காரன் குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். கடலிலிருந்து வந்த பசி. தட்டில் ஒரு வெள்ளைத் துண்டு இருந்தது. சோப்புக்கட்டி மாதிரி நான்கு பக்கமும் அளவாக வெட்டி வறுத்திருந்தது. தோல் இல்லை, முள் இல்லை, வாசனைகூட இல்லை.

"என்ன இது?"

"மீன்" என்றாள் அவன் மனைவி. கடைத்தெருவில் தையல் கடை வைத்திருப்பவள்.

"என்ன மீன்?"

"பாக்கெட்ல என்னமோ பேர் போட்டிருந்தது. சூப்பர் மார்க்கெட்ல வாங்கினேன். எங்கயோ வெளிநாட்டுக் குளத்துல வளர்த்ததாம்."

அவன் தட்டைத் தள்ளிய வேகத்தில் தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது. "உயிரைக் கையில புடிச்சுக்கிட்டுக் கடலுக்குப் போறேன். என் வீட்டுலயே குளத்து மீனா? யாராவது பார்த்தா காறித் துப்புவான்!"

அவன் கத்தி முடிக்கும்வரை அவள் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு துணியை விட்டெறிந்தாள்.

"நீங்க புடிச்ச மீன் எங்க?"

"ஏலத்துக்குப் போச்சு."

"அப்புறம்?"

"லாரியில ஏறிச்சு."

"லாரி எங்க போச்சு?"

அவனுக்குத் தெரியவில்லை.

"இந்த வீட்டுக்கு ஒரு நல்ல மீன் கொண்டாந்திருக்கீங்களா? நசுங்கினது, வால் அறுந்தது, யாரும் சீந்தாதது, அதெல்லாம் எனக்கும் என் பொண்ணுக்கும். கடைத்தெருவுல கேட்டா அங்கயும் இதே பாக்கெட்டுதான். கடலை வாசல்ல வெச்சுக்கிட்டு மீனுக்கு அலையறவ நான். கோவம் உங்களுக்கு வருதா?"

"ஏலத்தைப் பத்தி உனக்கு என்ன தெரியும்? ஊசி நூலைப் பார்த்துக்கிட்டுக் கிட."

அந்தப் பேச்சு அவளை உறங்கவிடவில்லை. விடிந்ததும் ஒரு வாளியை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போனாள்.

ஏலம் விடுபவன் அவளுடைய சொந்த அண்ணன். ஈரத் தரையில் பெட்டிகளுக்கு நடுவே நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். தங்கச்சியைப் பார்த்ததும் குரலைத் தணித்தான்.

"நீ எதுக்கு இங்க வந்தே?"

"ஒரு கிலோ மீன் போடு அண்ணா."

"கிலோ கணக்கெல்லாம் இங்க கிடையாது. எடுத்தா முழுப் பெட்டி."

மொத்தமாக வாங்கி லாரியில் ஏற்றும் ஏஜெண்ட் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் சிரித்தார். "கடைக்குப் போங்கம்மா. இந்த ஊர்க்காரங்களுக்கு முள்ளு எடுத்துத் தின்னவே சோம்பல். இவங்களுக்கு எதுக்கு நல்ல மீன்?"

சுற்றி நின்ற படகுக்காரர்கள் எல்லாருக்கும் அது காதில் விழுந்தது. தலையைக் குனிந்துகொண்டார்கள். படகைக் கழுவிக்கொண்டிருந்த அவள் புருஷனும் கேட்டான். குழாயை மூடினான். அவ்வளவுதான், வாயைத் திறக்கவில்லை.

அவளுக்கு உச்சந்தலை கொதித்தது. "சரி, முழுப் பெட்டியே எடுக்கறேன். அந்த மத்திப் பெட்டியை ஏலம் விடு."

"விளையாடாதே."

"விடுன்னா விடு!"

அவள் ஒரு விலை சொன்னாள். ஏஜெண்ட் அதற்கு மேல் சொன்னார். அவள் அதற்கும் மேல் போனாள். அண்ணனுக்கு வியர்த்துக் கொட்டியது. ஏஜெண்ட் இன்னொரு தடவை ஏற்றினார், அவள் விடவில்லை. அவர் கைகளைக் கட்டிக்கொண்டு, "அம்மாவே வெச்சுக்கட்டும்" என்றார். பெட்டி அவள் தலையில் விழுந்தது.

ஆட்டோவில் ஏற்றித் தையல் கடை வாசலில் இறக்கினாள். போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள், மூக்கைச் சுளித்தார்கள். துணி தைக்கக் கொடுத்திருந்த ஒரு டீச்சர் மட்டும் நின்றாள்.

"மத்தியா? முள்ளு அதிகமாச்சே. சுத்தம் பண்ணித் தருவீங்களா?"

"ஏன் டீச்சர், முள்ளு இருந்தா கடிச்சுடுமா?" என்று வெடித்தாள் தையல்காரி. "காலையில கரைக்கு வந்தது இது. கண்ணைப் பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கு. நாம வாங்கலேன்னு லாரியில போகுது. எங்கயோ செத்து, மாசக்கணக்கா ஐஸ்ல கிடந்தது நம்ம வீட்டு அடுப்புக்கு வருது. வெக்கமா இல்லையா நமக்கு?"

டீச்சர் பயந்துபோய் அரைக் கிலோ கேட்டாள்.

தையல்காரி கத்தி கொண்டுவர மறந்திருந்தாள். துணி வெட்டும் கத்தரியாலேயே தலையையும் வாலையும் நறுக்கினாள். நல்ல கத்தரி, அன்றோடு நாசம். வெயில் ஏறியது. பாதிப் பெட்டி அப்படியே இருந்தது. கையெல்லாம் செதிள், கண்ணெல்லாம் எரிச்சல்.

அப்போது படகுக்காரன் வந்தான். தோளில் ஒரு மூட்டை ஐஸ். ஐஸைப் பெட்டியில் கொட்டிவிட்டு, இடுப்பில் செருகியிருந்த கத்தியை எடுத்துக் குந்தி உட்கார்ந்து சுத்தம் செய்ய ஆரம்பித்தான். முகம் இன்னும் கடுகடுவென்றுதான் இருந்தது. அந்த வேகத்தைப் பார்க்கவே கூட்டம் கூடியது. பார்க்க வந்தவர்கள் வாங்கினார்கள்.

பெட்டி காலியானபோது, "நேத்து அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றான், தரையைப் பார்த்தபடி.

"இன்னைக்கு அந்த ஆள் முன்னாடி பேசாம நின்னீங்களே, அது?"

அவன் காலிப் பெட்டியைக் கவிழ்த்துக் கழுவ ஆரம்பித்தான்.

மறுநாள் காலை ஏலம் தொடங்கும் முன் அவன் தன் படகிலிருந்து ஒரு பெட்டியைத் தனியாக நகர்த்தினான். நசுங்கினதும் வால் அறுந்ததும் அல்ல, முதல் தரம்.

"இது ஊருக்கு. ஏலத்துல சேராது."

"அப்போ உன் மீன் எனக்கு எதுவுமே வேண்டாம்" என்றார் ஏஜெண்ட்.

"வேண்டாம்னா போங்க. என் ஊர்க்காரனுக்கு நல்ல மீன் எதுக்குன்னு கேட்டீங்க இல்ல? திங்கத்தான்!"

ஏஜெண்ட் சொன்னபடியே செய்தார். பல நாள் அவன் மீனை அடிமாட்டு விலைக்குத் தள்ள வேண்டியிருந்தது. மற்ற படகுக்காரர்கள் அவனைக் கிறுக்கன் என்றார்கள். ஒருவன் மட்டும் தானும் ஒரு பெட்டி ஒதுக்கினான். பிறகு வரத்து குறைந்த நேரத்தில் ஏஜெண்ட் தானாக வந்து நின்றார். மன்னிப்பு கேட்கவில்லை, விலை மட்டும் கேட்டார். ஊருக்கான பெட்டி ஒதுங்கியே இருந்தது; தினமும் தையல் கடை வாசலில் விற்றது.

அண்ணன் தங்கச்சியோடு பேச்சை நிறுத்திவிட்டான். தங்கச்சி தெருவில் மீன் விற்றதில் தன் மானம் போய்விட்டதாம். ஆனால் ஒரு சனிக்கிழமை அண்ணி வந்தாள், முந்தானைக்குள் ஒரு பையை மறைத்துக்கொண்டு.

"ஒரு கிலோ குடு. உங்க அண்ணன்கிட்ட சொல்லிடாதே."

"எதுக்கு அண்ணி திருட்டுத்தனம்?" தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள் தையல்காரி. "ரெண்டு கிலோவா வாங்கிட்டுப் போங்க. அந்த ரோஷக்காரரும் திங்கட்டும். காசை மட்டும் முழுசா எடுங்க."