தனுஷா வீட்டு மீன்கள்

"தள்ளுப்படாதேங்கோ, எங்கடை மீன் பயப்பிடும்!" கிணற்றடிக்கு வருமுன்பே தனுஷா கத்தினாள்.

நான்காம் வகுப்புக்குத் தரைச் சூழலை வழியிலேயே காட்டிவிட்டேன். உரும்பிராய்ச் செம்மண்ணில் அது பெரிய வேலையில்லை. வாழையடியில் சருகைக் கிளறினால் மண்புழு, அட்டை, எறும்பு என்று ஒரு ஊரே ஓடும். நீர்ச் சூழலுக்குத்தான் திண்டாட்டம். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துக் குளத்தை நாங்களே குப்பை கொட்டி நிரவிவிட்டோம். "எங்கடை கிணத்துக்கு வாங்கோ ரீச்சர், தண்ணியிலை நெளியிற நுளம்புக் குடம்பியளைத் தின்ன மீன் விட்டிருக்கு" என்று தனுஷா என்னை அரித்தெடுத்தாள். வகுப்பில் யாரும் கணக்கில் எடுக்காத பிள்ளை. மீன் வந்தபிறகுதான் அவளுக்கும் சிநேகிதிகள் சேர்ந்திருந்தார்கள்.

அவளே வாளியை இறக்கி, அவளே இழுத்தாள். மேலே வந்த தண்ணீரில் மீன்கள் வயிறு வெளுத்து மிதந்தன. எட்டிப் பார்த்தேன். கீழேயும் அப்படித்தான்.

"நித்திரையோ?" என்று ஒருவன் கேட்டான். யாரும் சிரிக்கவில்லை.

தனுஷாவின் தகப்பன் சிவரூபன் வெங்காயப் பாத்தியிலிருந்து வந்து வாளியைப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. "நேற்று மழை இருட்டிக்கொண்டு வந்தது ரீச்சர். அவசரத்திலை பூச்சிமருந்தடிச்ச மெசினைக் கிணத்துக்கட்டிலை வைச்சுக் கழுவிப்போட்டன்." கிணற்றுக்கட்டின் வெடிப்பைக் கால் பெருவிரலால் தடவினார். "இதுக்குள்ளாலை இறங்கியிருக்கு. மோட்டரிலை இறைக்கிறது, ஒருத்தரும் எட்டிப் பாக்கேல்லை."

"குடிக்கிறதும் இதுதானே?"

"ஓம்."

அவர்மேல் கோபம் வந்தது, கோபித்து என்ன? இனி எந்தத் தோட்டக் கிணற்றை நம்பிப் பிள்ளைகளைக் கூட்டிப்போவேன்? நான் குடிப்பதும் இதே நிலத்தின் தண்ணீர்தான். உணவுச்சங்கிலியைக் கரும்பலகையில் எவ்வளவு வடிவாகக் கீறியிருந்தேன்!

அந்த நேரம் பார்த்துத் தாய் குசினியிலிருந்து தட்டத்தோடு வந்தாள். "பிள்ளையள் வெயிலுக்கை வந்ததுகள். தேசிக்காய் கரைச்சனான், குடியுங்கோ."

ஒரு கையும் நீளவில்லை. பிள்ளைகள் வாளியைப் பார்த்தார்கள், பிறகு தட்டத்தைப் பார்த்தார்கள். தனுஷாவின் சிநேகிதி ஒருத்தி மெல்லப் பின்னால் நகர்ந்தாள். தனுஷா அதைக் கண்டுவிட்டாள்.

"வேண்டாம் பிள்ளை!" நானும் சிவரூபனும் ஒன்றாகக் கத்தினோம். அதற்குள் அவள் ஒரு பேணியை எடுத்து மடமடவென்று குடித்து முடித்திருந்தாள்.

"நல்ல தண்ணி," என்றாள். "காலமையும் எல்லாரும் குடிச்சனாங்கள்."

வெறும் பேணியைக் கவிழ்த்து, பின்னால் நகர்ந்த அந்தச் சிநேகிதிக்கு நேரே நீட்டிப் பிடித்தாள்.